வலப்பக்க வலிக்கு இடக்கையில் கம்பு: தாராவியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு சால், அதாவது சிறு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் குடியிருப்பு. அங்கே வசிக்கும் 61 வயது அம்மா ஒருவர் வலது இடுப்பு வலிக்காக எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி வந்ததிலிருந்து மும்பைதான். வீட்டுத் தொழில் இட்லி. மத்தியானம் அரிசி, உளுந்து ஊறவைத்து சாயங்காலம் கிரைண்டரில் ஆட்டுவார்கள். விடிவதற்கு வெகு நேரம் முன்பே அடுப்பு பற்றவைத்து விடுவார்கள். ஆறு மணி வாக்கில் மகன்கள் இருவரும் அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அடித்தபடி கிளம்பிவிடுவார்கள். மாவுக் கணக்கு, சட்னி, தண்ணீர் எல்லாம் இந்த அம்மாவின் பொறுப்பு.

எக்ஸ்ரேயில் வலது இடுப்பு மூட்டு நன்றாகத் தேய்ந்திருந்தது. இடது மூட்டில் தேய்மானம் மிகக் குறைவு. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று எலும்பு மருத்துவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனால் மூத்த மருமகளுக்குப் பிரசவ நேரம். அது முடியும் வரை படுக்கையில் விழ முடியாது என்று இவர் தள்ளிப்போட்டிருந்தார். அதுவரை நடமாட வழி செய்து தர வேண்டும், அதுதான் எங்களிடம் கேட்டது.

குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பார்த்தவை

நடந்து வரும்போதே வலது கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் வலப்பக்கம் சாய்ந்தது. வலது கையில் ஒரு மரக் கம்பு. அது காலஞ்சென்ற கணவருடையது, அவர் நல்ல உயரம். அதனால் கம்பை ஊன்றும்போது இவருடைய வலது தோள் காதருகே தூக்கிக்கொண்டு நின்றது.

வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னபோது இடுப்பெலும்பின் இடப்பக்கம் கீழே இறங்கியது. 1895இல் ஜெர்மன் மருத்துவர் ட்ரெண்டலென்பர்க் விவரித்த அறிகுறி இது. பேர் அவருடையதாகவே நிலைத்துவிட்டது. இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் என்ற தசையால் இடுப்பெலும்பை மட்டமாகப் பிடித்து வைக்க முடியவில்லை என்று அர்த்தம்.

வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லச் சொன்னோம். காலையில் 4, சாயங்காலம் 7. இரவில் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. கூடவே இடுப்புக்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் புதிதாக ஒரு வலி.

முன்பு வேறொரு இடத்தில் உடற்பயிற்சித் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது காலை முட்டி மடக்காமல் மேலே தூக்க வேண்டும். நான்கு நாள் செய்தார், வலி கூடியது, விட்டுவிட்டார். “சோம்பேறின்னு நெனச்சிருப்பாங்க தம்பி, அது ஆகவே மாட்டேங்குது” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, கீழே கணக்கோடு வருகிறேன்.

பெரிய தடயம் பேச்சுவாக்கில்தான் கிடைத்தது. தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்று கேட்டோம். பொதுக்குழாயில் காலையில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். பெரிய ட்ரம்மை மருமகள்கள் நிரப்புவார்கள். இவரும் சும்மா இருக்கமாட்டார், அரைக் குடமாவது எடுத்து வருவார். எந்த இடுப்பில் என்றதற்கு, “வலிக்கிற இடுப்புல வைக்க முடியுமா? இந்தப் பக்கம்தான்” என்று இடது இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

அதாவது இடது இடுப்பில் குடம், வலது கையில் கம்பு. அவரைப் பொறுத்தவரை வலிக்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுத்து, நல்ல பக்கத்தில் பாரம் வைத்திருக்கிறார். கேட்பவர் யாருக்கும் இது சரியென்றுதான் படும். உள்ளே இருக்கும் மூட்டுக்கு மட்டும் இரண்டுமே தலைகீழ்.

இடுப்பு ஒரு நெம்புகோல்

பள்ளிக்கூடத்தில் மூன்று வகை நெம்புகோல் படித்திருப்போம். உடம்பில் மூன்றும் இருக்கின்றன. முழங்கையை மடக்கி ஒரு பாத்திரத்தைத் தூக்குவது மூன்றாம் வகை. குதிகாலை உயர்த்தி விரல் முனையில் நிற்பதை இரண்டாம் வகையாகச் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நிற்கும் இடுப்பு முதல் வகை. நடுவில் தாங்குபுள்ளி, இருபுறமும் எதிரெதிர் விசைகள், தராசு மாதிரி. ஆனால் இந்தத் தராசின் இரண்டு கைகளும் ஒரே நீளம் இல்லை.

வலது காலில் நிற்கும்போது தொடை எலும்பின் பந்துதான் தாங்குபுள்ளி. அந்தக் காலை விட்டுவிட்டு மிச்ச உடம்பின் எடை முழுவதும் பந்துக்கு இடப்பக்கமாக, ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளிக் கீழே இழுக்கிறது. அதைச் சமன் செய்ய வேண்டிய தசை பந்துக்கு வலப்பக்கம் சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கிறது. ஆளுக்கு ஆள் இந்தத் தூரங்கள் மாறும். இந்த அம்மாவுக்கு நாங்கள் எலும்புக்குள் அளந்து பார்க்கவில்லை. பாடநூல்களில் வரும் அளவை ஒட்டிய முழு எண்களைத்தான் எடுத்துக்கொள்கிறேன். இயற்பியல் ஆசிரியர்கள் விசையை நியூட்டனில் சொல்லச் சொல்வார்கள். இங்கே எல்லாருக்கும் பிடிபட கிலோவிலேயே வைத்துக்கொள்வோம்.

இவருடைய எடை 60 கிலோ. ஒரு கால் உடம்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. அதைக் கழித்தால் 50 கிலோ. 50 கிலோவை 10 செ.மீ. தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் 500. இதை 5 செ.மீ. தூரத்திலிருந்து சமாளிக்கத் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். மூட்டின் மேல் இரண்டும் சேர்ந்து விழுகின்றன: 100 தசையின் இழுப்பு, 50 உடம்பின் எடை, மொத்தம் 150 கிலோ. சும்மா ஒற்றைக் காலில் நிற்பதற்கே உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு.

காகிதக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. பெர்லினில் பெர்க்மன் குழுவினர் அளவீட்டுக் கருவி பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளை நோயாளிகளுக்கு வைத்து, அவர்கள் நடக்கும்போது மூட்டில் விழும் விசையை நேரடியாகவே அளந்தார்கள். 2001இல் வெளியான அந்த முடிவுகளின்படி, இயல்பான வேகத்தில் நடக்கும்போது சராசரியாக உடல் எடையில் 238 விழுக்காடு. படி ஏறும்போது 251, இறங்கும்போது 260.

தசைகள் தூக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை விரிவாகக் கணக்குப் போட்டுக் காட்டியவர் இத்தாலியரான போரெல்லி. விலங்குகளின் அசைவு பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பிறகு 1680இல் வெளிவரத் தொடங்கியது. அதுவரை, சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்கும்படி உடம்பு அமைந்திருக்கிறது என்றே நம்பினார்கள். நிஜம் நேர்மாறு. தசை மூட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் விசையில் நஷ்டம், அசைவில் லாபம். தசை கொஞ்சம் சுருங்கினாலே கையும் காலும் வெகு தூரம் வேகமாக நகர்ந்துவிடுகின்றன. மூட்டு நன்றாக இருக்கும் வரை இந்த நஷ்டம் தெரிவதில்லை.

சாய்ந்து நடப்பதன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் எடைக்கோடு பந்தை நெருங்குகிறது. 10 செ.மீ. 6 ஆகக் குறைந்தால் மூட்டின் சுமை 150இலிருந்து 110 கிலோவுக்கு இறங்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே இந்த அம்மாவின் உடம்பு கண்டுபிடித்த வைத்தியம் அது. நாள் முழுக்க ஒவ்வொரு அடிக்கும் வளைந்து கொடுத்த முதுகு அதற்கு விலை கொடுத்தது. அந்தப் புது முதுகுவலியை நாங்கள் அப்படித்தான் புரிந்துகொண்டோம்.

கம்பும் குடமும்

வலது காலில் நிற்கும்போது கம்பு இடது கையில் இருந்தால் அந்தக் கை பந்திலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளி இருக்கும். அங்கே 5 கிலோ அழுத்தினால் 200 திருப்புத்திறன், அதுவும் தசைக்கு உதவும் திசையில். தசை சமாளிக்க வேண்டியது 500இலிருந்து 300 ஆகிறது, இழுப்பு 60 கிலோ. மூட்டில் 60, 50, அதில் கம்பு தாங்கும் 5 போக 105 கிலோ. கையால் கொடுத்தது 5, மூட்டில் குறைந்தது 45. உடல் எடையைக் குறைத்தே இந்தப் பலனைப் பெற வேண்டுமென்றால் 18 கிலோ இளைக்க வேண்டும். “வெயிட்டைக் குறைங்க” என்று எல்லாரும் இவரிடம் சொல்லியிருக்கிறார்கள், தப்பில்லை. எந்தக் கையில் கம்பு என்று ஒருவரும் பார்க்கவில்லை.

அதே கம்பு வலது கையில் இருந்தால்? கை பந்துக்கு வலப்புறம் சுமார் 20 செ.மீ. தூரத்தில் இருக்கும். அங்கிருந்து மேல்நோக்கித் தள்ளுவது உடம்பை இடப்பக்கம் கவிழ்க்கத்தான் உதவும். நிமிர்ந்து நின்று 5 கிலோ அழுத்தினால் மூட்டின் சுமை 165, கம்பே இல்லாததைவிடக் கூடுதல். அப்படியானால் அவருக்கு எப்படிக் கொஞ்சமாவது சுகம் கிடைத்தது? கம்பின் துணையில் இன்னும் அதிகமாக வலப்பக்கம் சாய முடிந்தது. சுகம் கொடுத்தது சாய்வு, பெயர் வாங்கியது கம்பு.

குடத்துக்கு வருவோம். அரைக் குடத்தைத் தராசில் வைத்தபோது 8 கிலோ. இடது இடுப்பில் அது வலது பந்திலிருந்து 35 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வலது மூட்டின் சுமை 214 கிலோ. வலது கையில் ஊன்றும் கம்பையும் சேர்த்தால் 229. அதே 8 கிலோவைத் தலையில், உடம்பின் நடுக்கோட்டில் வைத்திருந்தால் 174. வலது கையில் தொங்கவிட்டிருந்தால் 126. கடைசி எண்ணைப் பார்த்து எங்கள் பயிற்சி மாணவர் கணக்கு தப்பு என்றே நினைத்தார். வெறுங்கையோடு நிற்கும்போது 150, எட்டுக் கிலோவைத் தூக்கினால் 126. பாரம் எவ்வளவு என்பதைவிட அது தாங்குபுள்ளிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் இங்கே விஷயம். வலக்கையில் தொங்கும் பாரம் தசையின் பக்கம் நின்று இழுக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. நடக்கும்போது இடது காலிலும் நிற்க வேண்டுமே. வலது கையில் பாரம் இருந்தால் இடது இடுப்புக்கு அது தூரத்துப் பாரம். அந்த மூட்டின் சுமை 8 கிலோவுக்கு 222 வரை போகும். முன்பு குடம் இடப்பக்கம் இருந்தபோது அந்த மூட்டுக்கு 134தான். வலதைக் காப்பாற்ற இடதிடம் கடன் வாங்குகிறோம். இடது மூட்டின் எக்ஸ்ரே நன்றாக இருந்ததால்தான் இந்த வழியில் போகத் துணிந்தோம். இரண்டு பக்கமும் தேய்ந்த ஒருவருக்கு இதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

எடுத்த முடிவுகள்

முதலில் கம்பை இடது கைக்கு மாற்றினோம். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்துக்குக் கம்பை அறுத்து, அடியில் ரப்பர் போட்டோம். பிடிக்கும்போது முழங்கை லேசாக மடங்கி நிற்கும். கணவரின் கம்பை அறுக்க மனசில்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போனார், பிறகு மகன் வேறொன்று வாங்கி வந்தார்.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை வாயால் விளக்கிப் பயனில்லை. எடை பார்க்கும் மிஷினைத் தரையில் வைத்து அதன் மேல் கம்பை ஊன்றச் சொன்னோம். முதலில் முள் இரண்டைத் தாண்டவில்லை. கம்பைத் தொட்டுக்கொண்டிருந்தாரே தவிர ஊன்றவில்லை. ஐந்து வரை வரும்படி பழகச் சொன்னோம். வலது கால் தரையைத் தொடும்போதே கம்பும் தொட வேண்டும். நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே வீசுவது நம் எல்லாருக்கும் பழக்கம்தான், அதனால் கொஞ்ச நேரத்தில் தாளம் பிடிபட்டுவிட்டது.

குடத்தை நிறுத்தினோம். முழுக்க நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார் என்று மருமகள் எச்சரித்திருந்தார். “அத்தைக்குக் கை சும்மா இருந்தா கோவம் வந்துரும்” என்றார். ஆகவே 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்று, வலது கையில் மட்டும், ஒரு தடவைக்கு ஒன்று. இந்த அளவில் கம்பும் சேர்ந்தால் வலது மூட்டுக்கு 90 கிலோ, இடது மூட்டுக்கு 195. பழைய 229க்கு எதிரில் இந்த 90ஐ வைத்துப் பார்த்தபோது முடிவெடுக்கத் தயக்கம் இருக்கவில்லை. இவை எல்லாம் அசையாமல் நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கான எண்கள், நடையில் ஏறி இறங்கும். ஆனால் எது கூடுதல், எது குறைவு என்ற வரிசையை நம்பலாம்.

உடற்பயிற்சியை மாற்றினோம். பழைய தாளில் இருந்தது படுத்துச் செய்வது என்பதால் இலேசானது போலத் தெரியும். காலின் எடை 10 கிலோ, அதன் எடை மையம் இடுப்பிலிருந்து சுமார் 35 செ.மீ. அதைத் தூக்கத் தசை 70 கிலோ இழுக்க வேண்டும். ஒற்றைக் காலில் நிற்கும் வேலையில் பாதிக்கு மேல், அதுவும் திரும்பத் திரும்ப. வலித்ததில் ஆச்சரியம் இல்லை. முட்டியை மடக்கிக் காலின் நீளத்தைச் சுருக்கி ஆரம்பித்தோம். அதோடு, சுவரை ஒட்டி நின்று, மடித்த துண்டை இடையில் வைத்து வலது முட்டியின் வெளிப்புறத்தால் சுவரை மெதுவாக அழுத்தும் பயிற்சி. எவ்வளவு அழுத்துவது என்பது அவர் கையில் இருந்தது, அதனால் பயமில்லாமல் செய்தார்.

மிச்சம் சின்ன விஷயங்கள். இட்லித்தட்டில் மாவு ஊற்றத் தாழ்ந்த பலகைக்குப் பதில் உயரமான ஸ்டூல். மேல்தளத்துக்குப் போகும் இரும்பு ஏணியில் ஏறவே கூடாது, படுக்கை கீழே. வெளியே படிகளில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது கம்போடு வலிக்கிற கால் முன்னே.

வீட்டில் எழுந்த எதிர்ப்பு

கணக்கு எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. வீட்டில் யாருக்கும் இல்லை. “வலிக்கிற பக்கம்தான தம்பி கம்ப ஊனணும்? நல்ல காலுக்கு எதுக்குக் கம்பு?” என்று அம்மா கேட்டார். அடுத்த முறை மூத்த மகனும் கூட வந்தார். சாலில் யாரைக் கேட்டாலும் வலிக்கிற பக்கம்தான் என்கிறார்களாம்.

மகனுக்குப் பதில் சொல்ல அவருடைய சைக்கிளே உதவியது. பாத்திரத்தைக் கேரியரின் ஒரு பக்கமாகக் கட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறுபக்கம் சட்னி வாளியைத் தொங்கவிடுவோம், வாளி சின்னதாக இருந்தால் கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுவோம் என்றார். அதற்கு மேல் அவரிடம் விளக்க எதுவுமில்லை.

அம்மா மட்டும் மசியவில்லை. அவரை எடை மிஷின் பக்கத்தில் வலது காலில் நிற்கவைத்து, முதலில் வலது கையாலும் பிறகு இடது கையாலும் மேசையை ஊன்றச் சொன்னோம். இடது கையை ஊன்றியபோது, இறங்கியிருந்த இடுப்பு மட்டத்துக்கு வந்தது. கண்ணாடியில் அவரே பார்த்தார். வலது காலின் வலியும் கொஞ்சம் விட்டது. “சரி, ஒரு வாரம் பாக்கேன்” என்றார். திருநெல்வேலிக்காரர்களிடமிருந்து அதுவே பெரிய சம்மதம்.

அடுத்த வாரங்கள்

இரண்டாவது வாரக் கடைசியில் சாயங்கால வலி 7இலிருந்து 5. முதுகுவலி அதைவிட வேகமாகக் குறைந்தது. சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருந்தது. ஆறாவது வாரத்தில் வலி 4. இரவில் ஒருமுறைதான் விழிப்பதாகச் சொன்னார்.

நடுவில் இரண்டு சிக்கல்கள் வந்தன. இடது கட்டைவிரலின் அடியில் வலி. வளைந்த கைப்பிடியில் பாரம் முழுக்க ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளங்கை முழுவதும் பதியும் தட்டையான கைப்பிடிக்கு மாற்றியதும் அடங்கியது. இன்னொன்று சந்து. அவர் வீட்டிலிருந்து குழாயடி வரை போகும் வழி ஒருவர் நடக்கும் அகலம்தான். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க வேண்டும், கீழே சாக்கடை மூடிக் கற்கள். கம்பையும் கேனையும் ஒன்றாகக் கொண்டு போக இடமில்லை. பழையபடி வலது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடக்கிறார் என்று மருமகள் சொன்னார். இதற்கு நெம்புகோல் பாடத்தில் விடை கிடையாது. இளைய மருமகளோடு பேசி, கூட்டம் குறைந்த பிறகு கடைசியாகப் போய் எடுத்து வருவது என்று முடிவானது. கேனைச் சந்து முனை வரை கொண்டு வந்து வைத்தால் போதும், உள்ளே பேரன் எடுத்துக்கொள்வான்.

ஜூனில் மழை தொடங்கியதும் குழாயடியில் ஒருமுறை வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எலும்புக்கு ஒன்றுமில்லை. கம்பை வாங்கிப் பார்த்தபோது அடி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தது. கம்பு சாய்வாக ஊன்றப்படுகிறது என்பதும் அதில் தெரிந்தது. ரப்பரை மாற்றி, கம்பைக் காலுக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக ஊன்றப் பழக்கினோம். மழைக்காலம் முடியும் வரை தண்ணீர் எடுக்க அவரை அனுப்புவதில்லை என்று மகன்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவருக்கு அதில் ஏக வருத்தம்.

அறுவை சிகிச்சை

தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். கம்பு மாறியதால் குருத்தெலும்பு வளரப்போவதில்லை, அப்படி நாங்கள் சொல்லவும் இல்லை. அக்டோபர் வாக்கில் இரவு வலி மறுபடி தலைகாட்டியது. அதற்குள் பேத்தி பிறந்து, மூத்த மருமகளும் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். குளிர்காலத்தில் ஒரு மருத்துவமனையில் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள்.

இங்கும் அதே விகிதம்தான் பேசுகிறது. 1960களில் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி நவீன இடுப்பு மூட்டு மாற்றுக்கு அடித்தளம் போட்டபோது, பந்து உட்காரும் குழியை உடம்பின் நடுக்கோட்டை நோக்கி நகர்த்தி எடையின் கையைச் சுருக்கினார், தசை ஒட்டும் எலும்பு முனையை வெளிப்பக்கம் நகர்த்தித் தசையின் கையை நீட்டினார். இன்றைய முறைகள் நிறைய மாறிவிட்டன. ஆனாலும் பந்தின் மையத்துக்கும் தொடை எலும்பின் தண்டுக்கும் உள்ள தூரத்தை மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் அளந்துதான் செயற்கை மூட்டின் அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தூரம் குறைந்தால் தசைக்கு மறுபடி கூடுதல் வேலை, நடையில் மறுபடி சாய்வு.

அறுவைக்கு முந்தைய மாதங்களில் தசையைப் பழக்கி வைத்திருந்தது பிறகு உதவியது என்று நினைக்கிறேன், ஒரே ஒருவரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வாக்கரிலிருந்து கம்புக்கு மாறிய நாளில் யாரும் சொல்லாமலே இடது கையை நீட்டினார். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது வீட்டுக்குள் கம்பு இல்லை, வெளியே போக மட்டும். ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மட்டமாக நின்றது. சாயங்கால வலி 1. குடத்தை மறுபடி எடுக்கலாமா என்று கேட்டார். அறுவை செய்த மருத்துவர் கேனோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

எங்கள் முதல் நாள் படிவத்தில் வலி எங்கே, எப்போது, எவ்வளவு என்று கேட்கும் கட்டங்கள் இருந்தன. இப்போது இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன: கம்பு எந்தக் கையில், அன்றாடம் எதை எந்தப் பக்கம் தூக்குகிறீர்கள். பதிலை வாங்கி எழுதுவதோடு விடாமல், ஒரு வாளியைக் கொடுத்து நடந்து காட்டச் சொல்கிறோம். கேட்டால் ஒரு பக்கம் சொல்பவர்கள், கையில் கொடுத்தால் வேறு பக்கம் தூக்குகிறார்கள்.

கம்பு எழுதிக் கொடுக்கும்போதே தட்டையான கைப்பிடி. ரப்பரை மழைக்கு முன் ஒருமுறை பார்ப்பது. படுத்துச் செய்யும் பயிற்சிகளில் காலை நீட்டித் தூக்குவதைத் தேய்மானம் உள்ளவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுப்பதில்லை.

இன்னும் தீராத ஒன்று நடக்கும் இடம். கம்புக்கு ஒரு கை, பாரத்துக்கு ஒரு கை என்று நாங்கள் சொல்லும் நடைக்குத் தாராவிச் சந்துகளில் அகலம் போதாது. சுவரோரம் இடது கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கைப்பிடிக் குழாய் பொருத்தலாமே என்று மகன் சாலில் பேசிப் பார்த்தார். போகும்போது இடது கைக்கு இருக்கும் சுவர் திரும்பி வரும்போது வலது கைக்கு வந்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் வேண்டும். இரண்டு பக்கமும் குழாய் வைத்தால் சந்தில் ஆள் போக இடமிருக்காது என்று அந்தப் பேச்சு அதோடு நின்றிருக்கிறது.